நல்ல திட்டம் எது? மென்பொருள் பணிகளைப் பற்றிக் கடைமடையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

2023-ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று, வழக்கமான நாளிலேயே மேட்டூர் அணை திறக்கப்பட்டது. காவிரி டெல்டாவில் குறுவை என்னும் குறுகிய கால நெல்லுக்கு உழுதார்கள், விதைத்தார்கள். அதன்பின் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய நீர் போதிய அளவு வரவில்லை. வாய்க்கால்கள் போய் முடியும் கடைமடையில் பயிர் கருகியது. அக்டோபர் 10 அன்று அணையை மூட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் 12 அன்று அணையில் நீர் போதவில்லை, திறக்கவில்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை தன் முழு அளவான 120 அடியைத் தொட்டது.

இரண்டில் எது நல்ல திட்டம்? தேதியைக் காப்பாற்றியதா, தேதியைத் தவறவிட்டதா? டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு நீளும். பேசுகிற ஒவ்வொருவரும் 'திட்டம்' என்ற சொல்லால் வெவ்வேறு பொருளைக் குறிப்பதால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையிலும் இதே குழப்பம்தான்.

என் அக்காள் மகள் தஞ்சாவூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். சென்ற கோடையில், கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு மென்பொருள் செய்யும் வேலை அவளுடைய குழுவுக்கு வந்தது. லாரியில் வரும் நெல்லின் எடை, ஈரப்பதம், விலை, விவசாயிக்குப் பணப் பட்டுவாடா எல்லாம் ஒரே இடத்தில் பதிவாக வேண்டும். குறுவை அறுவடைக்குள் தயாராக வேண்டும். மொத்தம் 18 வாரம். திட்டத்தை அச்செடுத்து வந்து கூடத்தில் விரித்தாள். 140 வரிகள். ஒவ்வொரு வரிக்கும் தொடக்க நாள், முடிவு நாள், பொறுப்பாளர், அதற்கு நேரே ஒரு வண்ணப் பட்டை. இப்படி வேலைகளைப் பட்டைகளாக நாட்காட்டியின் மேல் வரைவதற்குக் கான்ட் வரைபடம் என்று பெயர்.

"சித்தி, இது நல்ல திட்டமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்" என்றாள்.

வரைபடம் அழகாக இருந்தது. ஆனால் திட்டம் நல்லதா என்று அதைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று அவளுக்கு அன்று மாலை முழுவதும் விளக்கினேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

மேட்டூர் அணைத் திட்டம் என்னும்போது கட்டிய வேலையையே குறிக்கிறோம். பயணத் திட்டம் என்னும்போது, புறப்படுவதற்கு முன் போட்ட கணக்கைக் குறிக்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்தக் கட்டுரையில், செய்து முடிக்க வேண்டிய வேலையைப் 'பணி' என்கிறேன். அதை எந்த வரிசையில், எதை நம்பி, எப்படிச் செய்யப்போகிறோம் என்று முன்கூட்டி எழுதி வைப்பதைத் 'திட்டம்' என்கிறேன்.

திட்டத்துக்குள்ளும் மூன்று பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. 'ஜூன் 12 அன்று அணையைத் திறக்க வேண்டும்' என்பது இலக்கு. அது நமக்கு வேண்டிய நாள். 'இருப்பையும் வரத்தையும் பார்த்தால் ஜூலை கடைசியில்தான் திறக்க முடியும்' என்பது மதிப்பீடு. அது நடக்கக்கூடியதைப் பற்றிய கணிப்பு. 'இந்த நாளில் திறப்போம்' என்று பொறுப்பில் இருப்பவர் அறிவிப்பது வாக்குறுதி. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படவில்லை. 2022-இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளிலும் இலக்கு அதே ஜூன் 12தான். மதிப்பீடு மட்டும் அணையில் இருந்த நீரைப் பார்த்து ஆண்டுக்கு ஆண்டு மாறியது.

மென்பொருள் அலுவலகத்தில் நடப்பதைப் பாருங்கள். வாடிக்கையாளர் 'செப்டம்பரில் வேண்டும்' என்கிறார். மேலாளர் செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு வேலைக்கும் நாள் பிரித்துக் கொடுக்கிறார். அட்டவணை தயார். அதற்கு எல்லோரும் மதிப்பீடு என்று பெயர் சொல்கிறார்கள். உண்மையில் அங்கே யாரும் எதையும் மதிப்பிடவில்லை. ஓர் ஆசையை 140 துண்டுகளாக நறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: இலக்கு வேண்டிய நாள், மதிப்பீடு நடக்கக்கூடிய நாள், வாக்குறுதி பொறுப்பேற்றுச் சொல்லும் நாள். மூன்றும் ஒரே தேதியாக அமையலாம். அப்படி அமைந்தால், மதிப்பீடு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

விளைந்ததை வைத்து விதைத்ததை எடைபோடுவது

அறுவடை செய்த நெல்லைச் சாலையோரம் குவித்து வைத்திருக்கிறார் ஒருவர். தார்ப்பாய் இல்லை. ஐப்பசி மாதம். அன்றிரவு மழை வரவில்லை, நெல் தப்பித்தது. தார்ப்பாய் வாங்காதது நல்ல முடிவாகிவிடுமா? பக்கத்துக் களத்தில் இன்னொருவர் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல்லும் வைத்திருந்தார். சுழற்காற்றில் தார்ப்பாய் கிழிந்து நெல் நனைந்தது. அவர் திட்டமிடவில்லை என்று சொல்வோமா?

நெல்லைப் பற்றிக் கேட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள். மென்பொருள் பணி என்று வந்தவுடன் எல்லோரும் தடுமாறுகிறார்கள். தேதிக்கு முடிந்தால் திட்டம் நல்லது, முடியாவிட்டால் கெட்டது என்று தீர்ப்பாகிறது. ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் இந்தப் பழக்கத்தைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான மருத்துவ முடிவுகளை மக்களிடம் விவரித்து, சில கதைகளில் நோயாளி பிழைத்தார் என்றும் சிலவற்றில் இறந்தார் என்றும் சொன்னார்கள். இறந்தார் என்று முடிந்த கதைகளில் மருத்துவரின் முடிவையே மோசமானது என்று மதிப்பிட்டார்கள். முடிவெடுத்த நேரத்தில் மருத்துவருக்குத் தெரிந்திருந்தது இரண்டு கதையிலும் ஒன்றுதான். இப்படி விளைவைப் பார்த்து முடிவை எடைபோடுவதற்கு விளைவுச் சாய்வு என்று பெயர்.

இதனால் வரும் கேடு சிறியதல்ல. நான் முன்பு இருந்த நிறுவனம் ஒன்றில், ஒரு குழு கடைசி ஏழு வாரம் இரவு பகலாக உழைத்துத் தேதியைப் பிடித்தது. மூன்று பேர் உடல்நலம் கெட்டு விடுப்பில் போனார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் திட்டத்தையே முன்மாதிரி என்று காட்டினார்கள். திட்டத்தின் ஓட்டைகளை மனிதர்கள் தங்கள் உறக்கத்தால் அடைத்திருந்தார்கள். அதை எந்த வரைபடமும் காட்டவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே திட்டத்தை அது எழுதப்பட்ட நாளில் நின்று பார்க்க வேண்டும். அன்று என்ன தெரிந்திருந்தது, தெரியாததை எப்படிக் கையாண்டார்கள் என்பதே கேள்வி. என் கணிப்பில், தான் தவறாகப் போவதை எவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறதோ, காட்டிய பிறகு கையில் எவ்வளவு வழியை மிச்சம் வைத்திருக்கிறதோ, அந்த அளவுக்கு ஒரு திட்டம் நல்லது.

நெல்லும் மென்பொருளும் பிரியும் இடம்

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.டி.டி. 45 ரகத்தின் வயது ஏறத்தாழ 110 நாள். இதைச் சொல்ல யாருக்கும் ஜோசியம் தேவையில்லை. பல்லாயிரம் வயல்களில் பல ஆண்டுகள் விளைந்து தெரிந்த கணக்கு அது. 'மென்பொருளுக்கு மட்டும் ஏன் இப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை?' என்று ஊரில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு.

ஒருமுறை எழுதிய மென்பொருளை இரண்டாம் முறை எழுத வேண்டியதில்லை. படி எடுத்துக்கொண்டால் போதும். ஆகவே எழுத வேண்டிய நிலை வந்தாலே, அதில் இதுவரை யாரும் செய்யாத, குறைந்தது இந்தக் குழு செய்யாத, ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். ஆண்டுதோறும் அதே ரகத்தைப் பயிரிடும் வசதி நமக்கு இல்லை. ஒவ்வொரு பணியிலும் புது ரகம் ஒன்றை முதன்முதலாக விதைக்கிறோம்.

ஆனால் பணி முழுவதும் புதியதாக இருப்பதில்லை. அரிசி ஆலை மென்பொருளில் கடவுச்சொல் கேட்கும் பக்கம், ரசீது அச்சிடுவது, நாள் கணக்கு ஆகியவை எல்லாம் அந்தக் குழு பலமுறை செய்த வேலைகள். எடைமேடையில் லாரி ஏறியதும் அதன் எடை தானாகக் கணினிக்குள் வருவது மட்டும் அவர்கள் செய்தறியாதது. அக்காள் மகளின் வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நீலப் பட்டை, ஒரே கறார் தேதி. தெரிந்த வேலையும் தெரியாத வேலையும் பார்வைக்கு வேறுபடாத திட்டத்தை நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஒற்றை எண் எதை மறைக்கிறது

'இந்த வேலைக்கு 6 நாள்' என்று எழுதியிருந்தால், கேட்க வேண்டியது: எல்லாம் சரியாக அமைந்தால் எத்தனை நாள்? பெரும்பாலும் எத்தனை? கெட்டகாலம் என்றால் எத்தனை? மூன்று விடைகள் கிடைக்கும். 4, 6, 20 என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கடற்படை 1958-இல் போலாரிஸ் ஏவுகணைப் பணிக்காக உருவாக்கிய பெர்ட் முறையில், நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். 4-உம் 24-உம் 20-உம் சேர்ந்தால் 48. ஆறால் வகுத்தால் 8. ஆக, 'பெரும்பாலும் 6 நாள்' என்று உண்மையாகவே நம்பும் வேலைக்குக்கூட 8 நாள் ஒதுக்குவதுதான் நியாயம்.

காரணம் எளியது. 6 நாள் வேலை எவ்வளவுதான் நன்றாக நடந்தாலும் 2 நாளில் முடிந்துவிடாது. கெட்டுப்போனால் 20 நாளுக்கு நீளும். வேகத்துக்கு எல்லை உண்டு, தாமதத்துக்கு இல்லை. இந்தச் சாய்வு 140 வரிகளிலும் சேர்ந்துகொண்டே போகும்போது மொத்தம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மனிதர்கள் தங்கள் வேலையின் நீளத்தைக் குறைத்தே கணிக்கிறார்கள் என்பதை டேனியல் கானமன், ஆமோஸ் டிவெர்ஸ்கி இருவரும் 1979-இல் திட்டமிடல் மயக்கம் என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வு அதை எண்களில் காட்டியது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரி விடை 33.9 நாள். எல்லாமே மோசமாக அமைந்தால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். தாங்களே கற்பனை செய்த கெட்டகாலத்தையும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

இதற்கு நல்ல மருந்து, உள்ளே பார்ப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பது. 'இதற்கு எத்தனை நாள் ஆகும்?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'இதைப் போன்ற வேலை சென்ற மூன்று முறை எத்தனை நாள் ஆனது?' என்று கேட்பது. அக்காள் மகளின் நிறுவனத்தில் பழைய பணிகளின் தேதிகள் யாரிடமும் இல்லை. இது பரவலான குறை. கிராமத்து மளிகைக் கடையில்கூடப் பழைய கணக்கு நோட்டு இருக்கும்.

சுருக்கமாக: ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம், வீச்சைக் கேளுங்கள். அந்த வீச்சையும் பழைய அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திட்டம் எதன்மேல் நிற்கிறது

இனிதான் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி.

பாபநாசம், கும்பகோணம் பக்கம் பம்புசெட் வைத்திருப்பவர்கள் மேட்டூர் திறப்புக்குக் காத்திருக்க மாட்டார்கள். மே மாதத்திலேயே நிலத்தடி நீரை இறைத்துக் குறுவை நட்டுவிடுவார்கள். அந்தத் திட்டத்தை அப்படியே படி எடுத்துக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போனால் என்ன ஆகும்? கடலோரக் கடைமடையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. ஆற்று நீர் வராவிட்டால் மாற்றுவழி கிடையாது. நாற்று விடும் நாள், நடவு நாள், உரம் போடும் நாள் என்று தாளில் எழுதிய எல்லாம் ஒன்றாகவே இருக்கும். தாளில் எழுதாத ஒரே வாக்கியம், 'கீழே நல்ல தண்ணீர் இருக்கிறது' என்பது, ஓரிடத்தில் உண்மை, மற்றோரிடத்தில் பொய்.

இப்படி நாம் சரிபார்க்காமல் உண்மை என்று எடுத்துக்கொள்வதற்கு அனுமானம் என்று பெயர். அனுமானமே இல்லாத திட்டம் உலகில் இல்லை. அவை எழுத்தில் இருக்கின்றனவா, எழுதியவரின் தலைக்குள் மட்டும் இருக்கின்றனவா என்பதில்தான் தரம் இருக்கிறது.

அரிசி ஆலைத் திட்டத்தில் ஒளிந்திருந்தவற்றை நாங்கள் இருவரும் உட்கார்ந்து தேடினோம். முதலில் கிடைத்தது 'மூட்டை'. மென்பொருளில் மூட்டை எண்ணிக்கையை ஒரு நிலையான எடையால் பெருக்குவதாக எழுதியிருந்தார்கள். அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். தனியார் வியாபாரத்தில் 60 கிலோ மூட்டைக் கணக்கும் ஓடுகிறது. ஆலைக்கு இரண்டு வழியிலும் நெல் வரும் என்றால் கணக்கு முழுவதும் பிழையாகும். நிரல் எழுதியவர் சென்னையில் வளர்ந்தவர். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது எடைமேடை. அதன் எடை காட்டும் கருவி கணினிக்கு எண்ணை அனுப்பும் என்பது குழுவில் எல்லோருடைய நம்பிக்கை. யாரும் போய்ப் பார்க்கவில்லை. கருவியின் மாடல் எண்கூடத் தெரியாது. மூன்றாவது, அறுவடை தொடங்கும் நாளிலேயே ஆலையின் கணக்குப்பிள்ளை மென்பொருளைக் கற்றுத் தேர்ந்திருப்பார் என்பது. அவருக்குப் பயிற்சி கொடுக்க ஒதுக்கியிருந்த நாள், நெல் வரத்து தொடங்கும் அதே வாரத்தில் இருந்தது. லாரிகள் வரிசையில் நிற்கும்போது எந்தக் கணக்குப்பிள்ளை வகுப்பில் உட்காருவார்?

ஒவ்வோர் அனுமானத்துக்கும் பக்கத்தில் மூன்று செய்திகள் எழுதச் சொன்னேன். இது உண்மையா என்று யாரிடம் கேட்டால் தெரியும்? எந்த நாளுக்குள் கேட்போம்? பொய் என்று தெரிந்தால் என்ன செய்வோம்? இந்த மூன்றும் எழுதப்பட்ட ஒன்றரைப் பக்கத் தாள், 140 வரி வரைபடத்தைவிட மதிப்புள்ளது. வரைபடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேலையைப் பகிர்ந்துகொள்ள உதவும். ஆனால் விரிவாக எழுதியிருப்பதாலேயே யோசித்து எழுதியதாகிவிடாது. விவரம் மிகும்போது 'இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது' என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடுகிறது. அப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை.

கடைமடைக்கு ஒரு சொட்டாவது

கோடையில் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாருகிறார்கள். 'பணி 90 சதவீதம் முடிந்தது' என்று செய்தி வருகிறது. மீதி 10 சதவீதம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. நடுவில் ஒரே ஒரு மதகு மண்மேடிட்டுக் கிடந்தால், அதற்குக் கீழே எத்தனை கல் தொலைவு வாரியிருந்தாலும் கடைமடைக்காரருக்குப் பூஜ்யம்தான்.

மென்பொருளிலும் '90 சதவீதம்' என்பது அப்படித்தான். திரைகள் தயார், கணக்கீடு தயார், தரவுத்தளம், அதாவது தகவலைச் சேமித்து வைக்கும் கிடங்கு, தயார். ஒவ்வொன்றும் தனித்தனியே நன்றாக ஓடும். கடைசி மாதத்தில் ஒன்றோடொன்று இணைக்கும்போதுதான் எது எதோடு பேசவில்லை என்று தெரியும். எல்லாவற்றையும் இணைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பார்ப்பதற்கு எண்ட்-டு-எண்ட் சோதனை என்று தொழிலில் பெயர்.

இதைக் கடைசிக்குத் தள்ளிவைத்ததன் விலையை 2013-இல் உலகமே பார்த்தது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான அரசு இணையதளமான ஹெல்த்கேர்.கவ் அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் காப்பீட்டுக்குப் பதிவு செய்து முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். முழுமையான எண்ட்-டு-எண்ட் சோதனைக்குத் திறப்புக்கு முந்தைய இரண்டு வாரம்தான் கிடைத்தது என்று ஒப்பந்ததாரர்கள் பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கூறினார்கள். அக்டோபர் 1 என்ற தேதியைக் காப்பாற்றினார்கள் என்பதையும் கவனியுங்கள்.

மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று, நான்கு நாள் ஆகும். அங்கிருந்து வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் பிரிந்து கடைமடைக்கு வர இன்னும் பல நாள். முதலில் வருவது சிறிய ஓட்டம்தான். ஆனால் அந்தச் சிறிய ஓட்டம் வந்துவிட்டால், வழி திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் ஊர் மக்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டு வரவேற்பதற்கு அந்த நிம்மதியும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மென்பொருள் திட்டத்திலும் முதல் சில வாரங்களுக்குள் அப்படி ஓர் ஓட்டம் இருக்க வேண்டும். ஒரே ஒரு லாரி, ஒரே ஒரு விவசாயி, ஒரே ஒரு ரசீது. அழகு வேண்டாம், வண்ணம் வேண்டாம். எடைமேடை முதல் கையில் ரசீது வரை போய்ச் சேர்ந்தால் போதும். திட்டத்தைக் கையில் எடுத்தவுடன் நான் தேடும் வரி இதுதான்: முதல் முழு ஓட்டம் எந்த வாரத்தில்? அது 18 வாரத்தில் 16-ஆவது வாரம் என்றால், அந்தத் திட்டம் 16 வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கப்போகிறது.

இதுவரை: அனுமானங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். அவற்றில் ஆபத்தானவற்றை முதலில் சோதிக்க வேண்டும். சோதிக்கச் சிறந்த வழி, சிறியதாயினும் முழுமையான ஓர் ஓட்டம்.

முடிவெடுக்கும் நாளை முன்பே குறிப்பது

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் வயல். அப்பா சம்பாவுக்கு விதை எடுத்துவைக்கும் விதம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. ஆவணி முதல் வாரத்துக்குள் தண்ணீர் வந்தால் சி.ஆர். 1009 ரகம். அதன் வயது ஏறத்தாழ 155 நாள். புரட்டாசி பிறப்பதற்குள் வந்தால் 135 நாள் ரகம். அதற்கும் பிந்தினால் 110 நாள் ரகம். கணக்கு எங்கிருந்து வந்தது? மேட்டூரை ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறார். எந்த நாளில் எந்த முடிவு என்பதைத் தண்ணீர் வருவதற்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும்போதே தீர்த்துவைத்துவிட்டார். தண்ணீர் தாமதமான ஆண்டுகளில் வீட்டில் வருத்தம் இருந்ததுண்டு. என்ன விதைப்பது என்ற சண்டை இருந்ததில்லை.

மென்பொருளில் இதற்கு இணையானது, தாமதமானால் எதைக் கைவிடுவோம் என்பதை முன்பே எழுதி வைப்பது. ஒரு பணியில் செய்து தருவதாக ஒப்புக்கொண்ட எல்லாம் சேர்ந்தது அதன் எல்லை. தேதியை நகர்த்த முடியாது, அறுவடை காத்திருக்காது என்றால், நகரக்கூடியது எல்லை ஒன்றுதான். 'எட்டாவது வாரத்துக்குள் எடைமேடை இணைப்பு ஓடவில்லை என்றால், இந்தப் பருவத்துக்கு எடையைக் கையால் பதிவோம். மாத அறிக்கைகள் பொங்கலுக்குப் பிறகு' என்று ஒரு வரி இருந்தால் போதும். அந்த வரி இல்லாத இடத்தில், கைவிட வேண்டியதைக் கடைசி வாரத்தின் பதற்றம் தீர்மானிக்கும். பெரும்பாலும் சோதனையைத்தான் கைவிடுவார்கள். ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது.

ஆள் கூட்டுவது பற்றி இரண்டு வரி

தாமதமானால் ஆள் கூட்டிக்கொள்ளலாம் என்று திட்டத்தில் எழுதியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நடவுக்கு ஆள் கூட்டினால் வேகமாக முடியும். கதிர் முற்றுவதற்கு வயலில் எத்தனை பேர் நின்றும் பயனில்லை. மென்பொருளில் பெரும் பகுதி இரண்டாம் வகை. தாமதமான பணிக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஐ.பி.எம்.மில் பெரும் பணி ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதினார். புதியவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர், ஏற்கெனவே மூச்சுமுட்ட உழைத்துக்கொண்டிருப்பவர். மேலும், 5 பேர் இருந்தால் அவர்களுக்குள் 10 இணைகள் பேசிக்கொள்ள வேண்டும். 10 பேர் ஆனால் 45 இணைகள்.

ஆலைக்குத் திரும்புவோம்

கடைசியாக அக்காள் மகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-இல் எழுதிப் பரவலாக்கிய முறை அது. குழுவை உட்காரவைத்து இப்படிச் சொல்ல வேண்டும்: 'இன்று செப்டம்பர் கடைசி. நம் பணி படுதோல்வி அடைந்துவிட்டது. ஏன் என்று ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்.' 'என்ன தவறாகப் போகலாம்?' என்று கேட்டால் மேலாளரின் முகம் பார்த்து எல்லோரும் தலையசைப்பார்கள். ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று சொல்லிவிட்டால், காரணம் சொல்வது அறிவாளித்தனமாகிவிடுகிறது. வாய் திறக்காதவர்களும் எழுதுவார்கள். இதை முன்கூட்டிய பிரேதப் பரிசோதனை என்கிறார்கள்.

மறுநாள் ஐந்து பேரும் எழுதினார்கள். நான்கு தாள்களில் எடைமேடை இருந்தது. அதுவரை நான்கு பேரும் தனக்கு மட்டும்தான் அந்தச் சந்தேகம் என்று நினைத்திருந்திருக்கிறார்கள். அன்று பிற்பகலே இருவர் பஸ் ஏறி ஆலைக்குப் போய், கருவியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து, அதை விற்றவருக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது: அது பழைய மாடல், எண்ணைத் திரையில் காட்டுவதோடு சரி, கணினியோடு இணைக்கும் வசதியே அதில் இல்லை. பழைய வரைபடத்தில் எடைமேடை இணைப்பு 14-ஆவது வாரத்தில் இருந்தது. பதில் வந்தது பணி தொடங்கிய ஆறாம் நாள்.

ஆலை உரிமையாளரிடம் அவளே பேசினாள். புதுக் கருவி வாங்குவதா, இந்தப் பருவத்துக்குக் கையால் பதிவதா என்று கேட்டாள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையால் பதிவதைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் எடையை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் ரசீது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பழைய வரைபடத்தின் 140 வரிகளில் அப்படி ஒரு வரி இல்லை. கணக்குப்பிள்ளையின் பயிற்சியை ஆவணிக்கு முன்னால் இழுத்துவைத்தார்கள். வந்து உட்கார்ந்தவர் முதல் மணி நேரத்திலேயே கேட்டாராம், "சிப்பத்துக்கு ஒரு பொத்தான், மூட்டைக்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்களே அம்மா, இது யார் சொன்னது?"